கிட்டார் இரைச்சலும் பிக்கப் மாத்துறதும்: எல்லாரும் கேக்குற சந்தேகங்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கம் சர்ச் குயர்லயும் கானமேளா ட்ரூப்லயும் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற பிள்ளைங்க நிறைய. வயரிங் வேலை கொஞ்சம் தெரியும்ங்கறதால கிட்டாரை என்கிட்ட கொண்டு வந்து வெச்சுட்டு கேக்குறது முக்கால்வாசி ஒரே விஷயம்தான், இரைச்சல் வருது, இரைச்சல் வராத பிக்கப் எதை வாங்கலாம்னு. போன்ல தனித்தனியா சொல்லிட்டே இருக்கறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், மேல இருந்து கீழ வரை ஒரு தடவை படிச்சிட்டு அப்புறம் காசு செலவு பண்ணுங்க மக்கா.

அண்ணே, ஆம்ப் ஆன் பண்ணதும் ம்ம்ம்ம்னு ஒரு ஒச்சை. பிக்கப் போச்சா?

போகல, அது நல்லா வேலை செய்யுது. பிக்கப்ங்கறது காந்தத்தை சுத்தி முடியை விட மெல்லிசான செம்புக் கம்பியை ஏழாயிரம் எட்டாயிரம் சுத்து சுத்தி வெச்ச ஒரு காயில். மேல கிட்டார் கம்பி ஆடுனா காந்தப்புலம் ஆடும், காயில்ல கரண்ட் வரும், அதைத்தான் ஆம்ப் பெருசாக்கி குடுக்குது. ஆனா அந்த காயிலுக்கு கிட்டார் கம்பி எது, சுவத்துக்குள்ள ஓடுற கரண்ட் லைன் எது, ஆம்ப்ல இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, ஆடுற காந்தப்புலம் எது வந்தாலும் பிடிச்சுக்கும்.

நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட 100, 150னு மடங்குகளும் சேந்து வரும். 6வது கம்பியில 3வது ஃப்ரெட் பிடிச்சா வர்ற ஜி நோட் 98 ஹெர்ட்ஸ், அதனால உங்க இரைச்சல் அந்த ஜிக்கு கொஞ்சம் மேல கேட்டா அது கரண்ட்ல இருந்து வர்றதுதான்னு காதாலயே சொல்லிரலாம். நெஜமாவே போன பிக்கப்ல சத்தமே வராது, இல்லன்னா கம்பி ஒச்சை மெலிஞ்சு சோகையா வரும்.

சரி, அது பிக்கப்ல இருந்துதான் வருதுன்னு எப்படி கண்டுபிடிக்க?

இதை செய்யாம யாரும் பிக்கப் வாங்காதீங்க. முதல்ல கிட்டார்ல இருக்கற வால்யூமை முழுசா பூஜ்யத்துக்கு குறைங்க. இரைச்சல் நின்னா அது கிட்டாருக்குள்ள இருந்து வருது. நிக்கலைன்னா கேபிள், ஆம்ப், இல்ல கரண்ட் சப்ளை. கேபிளையும் ஆம்ப்ல இருந்து உருவிருங்க, அப்பவும் இருந்தா ஆம்ப் பக்கம்தான் பாக்கணும், என்ன பிக்கப் போட்டாலும் அது போகாது.

கிட்டார்ல இருந்துதான்னு தெரிஞ்சா அடுத்தது, வால்யூமை முழுசா வெச்சு ஸ்டூல்ல உக்காந்து அப்படியே பைய ஒரு சுத்து சுத்துங்க. ஒரு பக்கம் திரும்புனா கூடி இன்னொரு பக்கம் திரும்புனா நல்லா குறைஞ்சா அது காந்தப்புலத்துல வர்ற ஹம், அதுக்கு நாய்ஸ்லெஸ் பிக்கப் (ஹம் வராத மாதிரி செஞ்ச பிக்கப்) மருந்து. எந்தப் பக்கம் திரும்பினாலும் பெருசா மாறாம கரகரன்னு ஜ்ஜ்ஜ்ன்னு இருந்தா அது பஸ் (buzz, மின்புலத்துல வர்ற இரைச்சல்), அதுக்கு ஷீல்டிங், அதாவது உள்குழியில செம்பு டேப் ஒட்டி மறைக்கறது மருந்து. பெரும்பாலும் ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் கலந்துதான் இருக்கும்.

எனக்கு நடந்ததை சொல்றேன். கூட வாசிக்கிற ஒருத்தன் கிட்டாருக்கு மூணு பிக்கப்பும் மாத்திக் குடுத்தேன், என் வீட்ல வெச்சு கேட்டப்ப அமைதியா இருந்துச்சு, அவன் வீட்டுக்கு கொண்டு போனதும் மறுபடி ஜ்ஜ்ஜ். போய் பாத்தா கட்டிலுக்கு பக்கத்துலயே பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், கரண்ட் போயி அதுல ஓடும்போது மட்டும்தான் அந்த ஒச்சை. வால்யூம் டெஸ்டை அவன் வீட்லயே பண்ணியிருந்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், அந்தப் பையன் காசு செலவானது இன்னைக்கும் எனக்கு மனசுல உறுத்துது. எல்.இ.டி. லைட்டோட டிரைவர், ஃபேன் டிம்மர், போன் சார்ஜர், டியூப்லைட் சோக் இதையெல்லாம் ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாருங்க, காசு ஒண்ணும் இல்ல.

கம்பியைத் தொட்டா சத்தம் குறையுது, கை எடுத்தா கூடுது. எர்த் கட் ஆயிருச்சா?

இல்ல, எர்த் சரியா இருக்கறதாலதான் குறையுது. பிரிட்ஜ்ல இருந்து ஒரு வயர் கிரவுண்டுக்கு போகும், நீங்க கம்பியைத் தொடும்போது உங்க உடம்பும் கிரவுண்ட்ல சேந்துருது. தொடாதப்ப உங்க உடம்பே ஒரு ஆன்ட்டெனா மாதிரி பக்கத்துல நின்னு பஸ்ஸை பிடிச்சு கிட்டாருக்குள்ள தள்ளுது. ஷீல்டிங் பண்ணா இந்த வித்தியாசம் நல்லா குறையும்.

தொட்டா சத்தம் கூடுதுன்னா மட்டும் ஜாக்ல ரெண்டு வயரும் மாறி சால்டர் ஆயிருக்கான்னு பாருங்க.

மைக்ல வாய் பட்டா சுள்ளுன்னு ஷாக் அடிக்குது அண்ணே, பிக்கப் மாத்துனா சரியாவுமா?

ஆவாது. உடனே வாசிக்கறதை நிறுத்துங்க, இதை நான் கெஞ்சிக் கேக்குறேன். இது இரைச்சல் பிரச்சனை இல்ல, உயிர் பிரச்சனை. கன்வென்ஷன் பந்தல்லயும் கோயில் கொடையிலயும் ஜெனரேட்டர்ல ஓட்டுவாங்க, எர்த் கம்பி மண்ணுல அடிச்சிருக்க மாட்டாங்க, ஆம்ப் ஒரு போர்டுல மிக்சர் இன்னொரு போர்டுல இருக்கும், மூணு பின் பிளக் நுழையலன்னு யாராவது எர்த் பின்னை ஒடிச்சு வெச்சிருப்பாங்க. அப்ப கிட்டார் கம்பி ஒரு பக்கம், மைக் ஒரு பக்கம், நடுவுல உங்க உடம்பு வழியா கரண்ட் போகுது. மழை பெஞ்சு தரை நனைஞ்சிருந்தா இன்னும் மோசம்.

ஆம்பும் மிக்சரும் ஒரே எர்த்தட் லைன்ல இருந்து எடுக்கணும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கான்னு பாக்க சொல்லணும், லைன்ல 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இருக்கணும். எர்த் பின்னை ஒடிச்சா ஹம் குறையும்னு சில பேர் சொல்லிக் குடுப்பாங்க, சில சமயம் குறையத்தான் செய்யும், ஆனா ஆம்புக்குள்ள ஏதாவது ஒரு வயர் விட்டு பாடியில பட்டா அந்தக் கரண்ட் போறதுக்கு உங்களைத் தவிர வேற வழி இருக்காது. செய்யாதீங்க, செய்றவங்களையும் விடாதீங்க.

செம்பு டேப் ஒட்டுனா போதாதா? எதுக்கு அவ்வளவு காசுக்கு பிக்கப்?

மேல சுத்திப் பாக்குற டெஸ்ட்ல உங்களுக்கு பஸ்தான் அதிகம்னு வந்திருந்தா போதும். செம்பு டேப் மின்புலத்தைத் தடுக்கும், 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அதுல தாராளமா ஊடுருவி வந்துரும். அதனால ஷீல்டிங் பண்ணி ஜ்ஜ்ஜ் போயி ம்ம்ம் மட்டும் மிச்சம் இருந்தா ஏமாந்துட்டோம்னு நினைக்காதீங்க, அதால ஆகறது அவ்வளவுதான்.

என் முறை எப்பவும் ஷீல்டிங் முதல்ல, பிக்கப் ரெண்டாவது. டேப் துண்டுங்க ஒண்ணுமேல ஒண்ணு ஏறி இருக்கணும், சேர்ற இடத்துல ஒரு சொட்டு சால்டர் வெச்சா நிம்மதி, முழுசும் கிரவுண்டோட சேந்திருக்கான்னு மல்டிமீட்டர்ல பீப் வெச்சுப் பாருங்க. ஜாக் இருக்கற குழியில ஹாட் முனை (சிக்னல் போற முனை) டேப்ல உரசாம பாத்துக்கோங்க, உரசுனா சத்தமே வராது. இன்னொண்ணு, நம்ம பக்கம் கடல் காத்து, ஜாக்கும் ஸ்விட்சும் சீக்கிரம் கறுத்துரும், அதுல வர்ற கரகரப்பை பிக்கப் இரைச்சல்னு நினைச்சு வர்றவங்களும் உண்டு. கான்டாக்ட் கிளீனர் ஒரு தடவை அடிச்சாலே தீந்துரும்.

ஹம்பக்கர்ல மட்டும் ஏன் இந்த ஒச்சை இல்ல?

ஓணத்துக்கு வடம்வலி பாத்திருப்பீங்க, ரெண்டு பக்கமும் சமமா வலிச்சா வடம் நகராது. ஹம்பக்கர்ல ரெண்டு காயில், ஒண்ணுக்கு ஒண்ணு எதிர்த்திசையில சேத்திருப்பாங்க, வெளியில இருந்து வர்ற ஹம் ரெண்டுலயும் எதிரெதிரா வந்து ஒண்ணையொண்ணு அடிச்சுரும். ஆனா காந்தத்தையும் ஒண்ணுல வடக்கு மேல, இன்னொண்ணுல தெக்கு மேலன்னு திருப்பி வெச்சிருக்கறதால கிட்டார் கம்பியோட சிக்னல் மட்டும் ரெண்டு தடவை புரண்டு ஒரே பக்கமா வந்து கூடிரும். கிப்சன் கிட்டார் கம்பெனில வேலை பாத்த செத் லவர் இதுக்கு 1955ல பேட்டன்ட் கேட்டு எழுதினார், 1957ல கிட்டார்ல வந்தப்ப அடியில Patent Applied For, அதாவது பேட்டன்ட் விண்ணப்பிச்சிருக்குன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க, பி.ஏ.எஃப்.னு எல்லாரும் சொல்றது அதைத்தான்.

ஆனா ரெண்டு காயில் கம்பியோட ரெண்டு இடத்துல இருந்து எடுக்கறதால உச்சத்துல இருக்கற சின்னச் சின்ன ஒலிங்க கொஞ்சம் மங்கிரும், அதான் ஸ்ட்ராட்டோட (ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஒத்தைக் காயில் பிக்கப் மூணு வெச்ச கிட்டார்) கணீர் அதுல வராது.

காயில் ஸ்ப்ளிட் போட்டா ரெண்டும் கிடைக்குமே?

ஸ்ப்ளிட் பண்ணா ஒரு காயில் ஆஃப், எதிர்த்து வலிக்க ஆள் இல்ல, ஹம் திரும்ப வந்துரும்.

என் ஸ்ட்ராட்ல பிக்கப் ஸ்விட்சை 2வது, 4வது பொசிஷன்ல வெச்சா மட்டும் அமைதியா இருக்கு, அது எப்படி?

நடு பிக்கப்பை காயிலும் காந்தமும் ரெண்டும் திருப்பி செஞ்சிருக்காங்க, அதனால பக்கத்து பிக்கப்போட சேரும்போது அந்த ரெண்டும் சேந்து ஒரு ஹம்பக்கர் மாதிரி ஆயிருது. இப்ப வர்ற ஸ்ட்ராட் வகை கிட்டார் நிறையத்துல இப்படித்தான். நீங்க வாசிக்கிறது பெரும்பாலும் அந்த பொசிஷன்லதான்னா எதையும் மாத்த வேண்டாம், காசை கேபிளுக்கோ ஆம்புக்கோ வையுங்க.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, கவனமா கேளுங்க. காசு குறைக்கலாம்னு நடு பிக்கப்பை மட்டும் நாய்ஸ்லெஸ் ஆக்குனீங்கன்னா 2லயும் 4லயும் இதுவரைக்கும் இல்லாத ஹம் புதுசா வரும், ஏன்னா பக்கத்து சிங்கிள் காயிலோட ஹம்மை எதிர்த்து நின்ன ஆளை நீங்களே எடுத்துட்டீங்க. நெக்கோ பிரிட்ஜோ ஒண்ணை மாத்தினாலும் அது சேர்ற பொசிஷன்ல இதே கதைதான். மாத்துறதுன்னா மூணையும் மாத்துங்க.

ஸ்ட்ராட் ஒச்சையும் வேணும், இரைச்சலும் கூடாது. எதை வாங்கட்டும்?

அதே அளவுல உக்கார்ற மாதிரி மூணு நாலு வழி இருக்கு. முதல் வழி ஸ்டாக், ரெண்டு காயிலை பக்கத்துல பக்கத்துல வெக்காம மேலயும் கீழயுமா வெக்கிறது. மேல் காயில் கம்பியைக் கேக்கும், கீழ் காயில் பெரும்பாலும் ஹம்மை மட்டும் கேட்டு எதிர்த்து நிக்கும். ஃபெண்டரோட வின்டேஜ் நாய்ஸ்லெஸ், டிமார்ஸியோ ஏரியா வரிசை, சீமோர் டங்கன் கிளாசிக் ஸ்டாக் பிளஸ், ஆஸ்திரேலியாக்காரங்க கின்மன் எல்லாம் நாய்ஸ்லெஸ் வகைதான், உள்ள செய்ற விதம் ஒவ்வொருத்தருக்கும் வேற. ஸ்ட்ராட் குணத்துக்கு கிட்டத்துல நிக்கிறது இந்த வகை. பழைய சிங்கிள் காயிலோட வெச்சு கேட்டா மேல ஒரு மெல்லிய காத்து குறைஞ்ச மாதிரி எனக்குத் தோணும், ஆனா பேண்டோட வாசிக்கும்போது அது யாருக்கும் தெரியாது.

ரெண்டாவது ரெயில்ஸ், ரெண்டு ஒல்லிக் காயிலை பக்கத்துல பக்கத்துல திணிச்சது, டங்கன் ஹாட் ரெயில்ஸ், டிமார்ஸியோ ஃபாஸ்ட் ட்ராக் மாதிரி. அமைதி நல்லா இருக்கும் ஆனா ஒச்சை தடிமனா ஹம்பக்கர் பக்கம் போயிரும், டிஸ்டார்ஷன் போட்டு லீட் வாசிக்கறவங்களுக்கு கொள்ளாம். மூணாவது லேஸ் சென்சார், 80கள் கடைசியில ஃபெண்டர் ஸ்ட்ராட் பிளஸ்ல வந்தது, சுத்தி உலோகத் தடுப்பு வெச்ச சிங்கிள் காயில், இரைச்சல் நல்லா குறையும், முழுசா சுத்தமா போயிரும்னு எதிர்பாக்காதீங்க.

குயர்ல கிளீனா ஆர்ப்பெஜியோவும் ரிதமும் வாசிக்கறவங்களுக்கு நான் ஸ்டாக்தான் சொல்வேன். கானமேளால ஒரே மேடையில பழைய மெலடியும் வாசிக்கணும் அடுத்த பாட்டுக்கு ராக் லீடும் வாசிக்கணும்னு இருக்கறவங்க பிரிட்ஜ்ல ரெயில்ஸ், மத்த ரெண்டுல ஸ்டாக்னு போடலாம், நானே அப்படித்தான் வெச்சிருக்கேன்.

பேட்டரி போடற இ.எம்.ஜி. கம்பெனி ஆக்டிவ் பிக்கப்ல இரைச்சலே இருக்காதாமே?

ரொம்ப அமைதிதான். காயில்ல சுத்து கம்மியா வெச்சு உள்ளேயே ஒரு சின்ன ப்ரீஆம்ப் வெச்சிருப்பாங்க, அதுக்கு 9 வோல்ட் பேட்டரி. வெளிய வர்ற சிக்னல் லோ இம்பீடன்ஸ்ங்கறதால மேடையில நீளக் கேபிள் இழுத்தாலும் டிரெபிள் மங்காது, சாதா பிக்கப்ல நீளக் கேபிள் போட்டா மங்கும்.

ஆனா வேலை ஜாஸ்தி. வால்யூம் டோன் பாட்டெல்லாம் (pot, குமிழுக்கு அடியில இருக்கற ரெசிஸ்டர்) 25 கே, அதாவது கிலோ ஓம் ஆக்கணும், ஸ்டீரியோ ஜாக் போடணும் (பிளக் சொருகுனா பேட்டரி ஆன் ஆகறது அதுலதான், வாசிச்சு முடிச்சு உருவலைன்னா பேட்டரி இறங்கிட்டே இருக்கும்), பேட்டரி வெக்க குழியில இடம் வேணும். பாதி ஆக்டிவ் பாதி சாதான்னு கலந்தா பாட் மதிப்பு ஒத்து வராம மல்லுக்கட்டணும். ஆராதனை நடுவுல பேட்டரி போனா ஒச்சை சிதறி அடங்கிரும், அதனால பையில ஒரு புது பேட்டரி எப்பவும் இருக்கட்டும்.

ஓம் எவ்வளவு கூடவோ அவ்வளவு பவர்னு கடையில சொன்னாங்க, 14 கே வாங்கவா?

ஓம்ங்கறது கம்பியோட நீளத்தையும் தடிமனையும்தான் சொல்லுது. பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப் 6 கே பக்கம், பி.ஏ.எஃப். பாணி ஹம்பக்கர் 7.5ல இருந்து 8.5 கே பக்கம் இருக்கும். இன்னும் மெல்லிசான கம்பி சுத்துனா சுத்து கூடாமலே ஓம் கூடும். காந்தம் ஆல்னிகோவா செராமிக்கா, அது எவ்வளவு பலம், இதெல்லாம் ஓம்ல தெரியாது. ஸ்டாக்ல ரெண்டு காயிலையும் சேத்து மீட்டர் காட்டும், அதனால அதையும் சிங்கிள் காயிலையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடவே கூடாது.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி என்ன அளக்கணும்?

பிக்கார்டை (முன்பக்கம் பிக்கப் மாட்டியிருக்கற பிளாஸ்டிக் தகடு) கழட்டாம ஆர்டர் போடாதீங்க. பிக்கப்ல ஒவ்வொரு கம்பிக்கும் அடியில தெரியற உலோகப் புள்ளிதான் போல், 1வது கம்பி போல்ல இருந்து 6வது கம்பி போல் வரைக்கும் நடுவுக்கு நடு அளங்க. ஸ்ட்ராட்ல 52 மில்லி பக்கம் இருக்கும், சில விலை குறைஞ்ச கிட்டார்ல 50க்கும் கீழ, அப்ப பிளாஸ்டிக் கவர் ஒத்து வராது. ஹம்பக்கர்னா கிப்சன் பிரிட்ஜ் அளவு ஒண்ணு, அதைவிட அகலமான ஃபெண்டர் பிரிட்ஜுக்கு எஃப் ஸ்பேசிங்னு ஒண்ணு. அடுத்து குழியோட ஆழம், ஸ்டாக் வகை சாதாவை விட உயரம், விலை குறைஞ்ச கிட்டார்ல குழி ஆழமில்லாம முட்டும்.

பாட் மதிப்பையும் பாருங்க, சிங்கிள் காயிலுக்கு பொதுவா 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே. நாய்ஸ்லெஸ்ல கம்பெனிக்கு கம்பெனி வேற வேற சொல்வாங்க, கூட வர்ற தாள்ல இருக்கறதை அப்படியே போடுங்க, இல்லன்னா ஒச்சை மந்தமாவோ கூச்சலாவோ வந்து பிக்கப் மேல பழி விழும்.

நாலு கலர்ல வயர் வருது, எதை எங்க சால்டர் பண்ண?

சீமோர் டங்கன் ஹம்பக்கர்னா கறுப்பு ஹாட், வெள்ளையும் சிவப்பும் ஒண்ணா முறுக்கி தனியா டேப் சுத்தணும், பச்சையும் வெறுங்கம்பியும் கிரவுண்ட். டிமார்ஸியோன்னா சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் ஒண்ணா, பச்சையும் வெறுங்கம்பியும் கிரவுண்ட். ஒண்ணோட படத்தைப் பாத்து இன்னொண்ணை சால்டர் பண்ணித்தான் பாதிப் பேர் சத்தம் வரலன்னு வர்றாங்க.

ரெண்டு கம்பெனி பிக்கப்பை கலந்து போட்டு, ரெண்டும் சேர்ற பொசிஷன்ல ஒச்சை மூக்கடைச்ச மாதிரி ஒல்லியா வந்தா ஃபேஸ் மாறி ரெண்டு சிக்னலும் ஒண்ணையொண்ணு எதிர்க்குதுன்னு அர்த்தம். நாலு வயர் பிக்கப்னா ஹாட்டையும் பச்சையையும் இடம் மாத்துனா போதும், வெறுங்கம்பி மட்டும் கிரவுண்ட்லயே இருக்கணும். சால்டரிங் அயர்ன் 25 வாட் ஜாக்குக்கும் ஸ்விட்சுக்கும் செல்லும், பாட்டோட முதுகுல வெக்கிறதுக்கு 40 வாட்டாவது வேணும், சூடு பத்தாம ரொம்ப நேரம் அழுத்திட்டே இருந்தா பாட் உள்ள உருகிரும்.

புதுசு போட்டாச்சு, ம்ம்ம் போச்சு. ஆனா கெய்ன் கூட்டுனா உஸ்ஸுன்னும் கீச்சுன்னும் வருதே?

உஸ் வேற, கீச் வேற. உஸ் ஆம்பும் பெடலும் கெய்ன்ல இருந்து தர்றது, எந்தப் பிக்கப்பும் அதை நிறுத்தாது. நாய்ஸ் கேட் போடலாம், ஆனா அது நீங்க வாசிக்காத நேரத்துல கதவைச் சாத்தும், அவ்வளவுதான்.

கீச்சுன்னு கத்துறது பிக்கப்புக்குள்ள சுத்து தளர்ந்து அதுவே மைக் மாதிரி ஆடறதால. அதுக்கு மெழுகுல முக்குவாங்க, பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. தேன்மெழுகுக்கு மார்த்தாண்டத்துல பஞ்சமில்ல. தண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு உருக்குங்க, நேரா தீ மேல வெச்சா மெழுகு பத்திக்கும். சூடு 65 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டுனா பாபின் (கம்பி சுத்தியிருக்கற பிளாஸ்டிக் அச்சு) வளைஞ்சுரும். புது பிக்கப்ல இது வந்தா நீங்க முக்காதீங்க, வாரன்டி போயிரும், திருப்பி அனுப்புங்க.

அக்கூஸ்டிக்ல வர்ற இரைச்சலுக்கும் இதேதானா?

பிரிட்ஜுக்கு அடியில இருக்கறது பீஸோ (கம்பி அழுத்தறதை சிக்னலா மாத்துற பட்டை), அதுல காயிலே இல்ல, அதனால ஹம்பக்கிங் கதை பொருந்தாது. வால்யூம் டெஸ்ட், எர்த், ஜாக், பேட்டரி இந்த நாலையும் பாருங்க. சவுண்ட்ஹோல்ல மாட்டற காந்த வகைன்னா மேல சொன்னது எல்லாம் பொருந்தும், ஹம்பக்கிங்னு போட்டதா பாத்து வாங்குங்க.

கழட்டுன பழைய பிக்கப்பை வித்துரலாமா?

உடனே வேண்டாம். வயரை ஒட்ட நறுக்காம சால்டரை உருக்கி முழு நீளத்தோட எடுங்க, நெக், நடு, பிரிட்ஜ்னு பேப்பர் டேப்ல எழுதி ஒட்டி, இரும்புத் துகள் இல்லாத டப்பால தனித்தனியா சுத்தி வையுங்க, காந்தத்துல துகள் ஒட்டுனா எடுக்கறது பெரும்பாடு. கழட்டறதுக்கு முன்னாடி பழைய வயரிங்கை போன்ல நாலு போட்டோ எடுத்துக்கோங்க. ஒரு மாசம் மேடையில புதுசை வாசிச்சுப் பாத்துட்டு அந்த பழைய கணீருக்கு மனசு ஏங்குச்சுன்னா திருப்பிப் போட்டுக்கலாம், அப்படி திருப்பிக் கேட்டு வந்த ரெண்டு பேருக்கு நானே போட்டுக் குடுத்திருக்கேன்.